தரையிலேயே ஓடிய விமானம்

எங்கள் அப்பா போலீஸ் ஏட்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மெயின் அருவிக்குப் போகும் வழியில் அவருக்கு டியூட்டி விழும். மழைக்கோட்டும் விசிலுமாக நடுரோட்டில் நின்று, முன்னால் வா, பின்னால் எடு, ஸ்டீயரிங்கை ஒடி, இன்னும் ஒடி என்று வேன்களைக் கையாலேயே இழுத்துக்கொண்டுபோய் இடுக்குகளில் செருகுவார். கேரளாவிலிருந்து வரும் டிரைவர்களுக்கு அவர் தமிழ் புரியாவிட்டாலும் கை புரியும். அப்படிப்பட்ட மனிதர், எனக்குப் பதினோரு வயதானபோது, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஒரு விமானத்தை இல்லாத ஒரு தரையில் நேராக ஓட்ட முடியாமல் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தும் இருக்கிறேன்.

கதை அதற்கு ஒரு வருஷம் முன்னால் தொடங்குகிறது. அண்ணன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். வெள்ளை ஃபோம் அட்டையை அறுத்து ஒட்டி, மோட்டாரும் பேட்டரியும் வைத்து, ரிமோட்டால் பறக்கவிடும் ஒரு விமானம் செய்திருந்தான். அதன் இறக்கை என் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு இருக்கும். அப்பாவுக்கு அவனைப் போலீசில் சேர்க்க வேண்டும். அதற்காகத் தினமும் விடிந்ததும் அவனை எழுப்பி மைதானத்துக்கு ஓடப் பழக அனுப்புவார். அவனும் ஷூ மாட்டிக்கொண்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மாதம் கழித்து, மகன் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறான் என்று பார்க்க அப்பா ஸ்டாப் வாட்ச்சோடு மைதானத்துக்குப் போனார். மற்ற பையன்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நடுவில் நின்று விமானம் விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டில் நடந்த சண்டையில் எனக்கு நினைவிருப்பது கடைசி ஒரு நிமிடம்தான். நாங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். "பறக்கும்லா? இந்தா, பறக்கட்டும்!" என்று அப்பா விமானத்தைத் தூக்கிப் பால்கனிக்கு வெளியே எறிந்துவிட்டார். அது பறக்கவில்லை. கீழே சைக்கிள் நிறுத்தும் தகரக் கூரையில் மோதி, இறக்கை முறிந்து கிடந்தது.

அண்ணன் செருப்பை மாட்டினான். இறங்கிப் போய் எடுத்து வந்தான். இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினான். பிறகு பீரோ மேல் வைத்துவிட்டான். அம்மா பிடிவாதமாக நின்று அவனைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்தாள். போன அன்றைக்கும் அவன் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு போன் வந்தால் அம்மாவோடும் என்னோடும் பேசுவான், வைத்துவிடுவான். அம்மாதான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "பரீச்சை நல்லா எழுதியிருக்கானாம்" என்று பொதுவாகச் சொல்வாள். அப்பா பேப்பரைத் திருப்புவார். அப்பாவும் அண்ணனும் பேசாமல் இருப்பதே எங்கள் வீட்டின் வழக்கம் என்று நானும் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை அண்ணன் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். அதன் பேட்டரி செத்துவிட்டது. எப்போதும் சுவரில் வயர் மாட்டியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். அதில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஒன்று இருந்தது. பழைய ரிமோட்டை அதில் சொருகினால் திரையில் ஒரு புல்வெளியும் தார்ப்பாதையும் வரும். பாதையோரத்தில் நாம் நிற்பதுபோலவும் நம் காலடியில் சின்ன விமானம் நிற்பதுபோலவும் தெரியும். ரிமோட்டின் இடது குச்சியை மேலே தள்ளினால் விசிறி சுற்றும். பக்கவாட்டில் அசைத்தால் விமானம் திரும்பும். எனக்கு இதையெல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான். நான் எடுத்தவுடன் பறக்கவிட்டு, எடுத்தவுடன் மோதுவேன். ஒவ்வொரு மோதலுக்கும் 'டமார்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்த வருஷம் கோடையில் ஒருநாள் சாயங்காலம் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அம்மா ஜவுளிக்கடையில் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா லுங்கியோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல. திரையில் விமானம் ஒரு வேலியில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது.

"என்னப்பா பண்ணுதிய?"

அவர் பதறிப்போய் லேப்டாப்பை மூடினார். பிறகு யோசித்துத் திறந்தார். "ஏட்டி, இது போகும்போது நல்ல பிள்ளையாட்டம் போவுது. திரும்பி வரும்போது மட்டும் ஏன் பேய் பிடிச்ச மாதிரி வருது?"

அதுதான் எல்லாருக்கும் வரும் சிக்கல். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடதும் நம் இடதும் ஒன்று. நம்மைப் பார்த்து வரும்போது மாறிவிடும். நாம் இடப்பக்கம் தள்ளினால் அது நமக்கு வலப்பக்கம் ஓடும். நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். மறுபடி வேலியில் இடித்தார்.

"அம்மாட்ட சொல்லாத. அண்ணன்ட்ட சொல்லவே சொல்லாத" என்றார். நான் சத்தியம் செய்தேன். சீசன் தொடங்கிய பிறகு குற்றாலத்திலிருந்து ரம்புட்டான் பழம் அடிக்கடி வந்ததற்கும் அந்தச் சத்தியத்துக்கும் சம்பந்தம் உண்டு.

அன்று முதல் டியூட்டி இல்லாத சாயங்காலங்களில், அம்மா வரும்வரை, அப்பா விமானம் ஓட்டினார். தரையில் மட்டும். பாதையின் அந்தக் கோடிவரை போவது, திரும்புவது, வந்து காலடியில் நிறுத்துவது. அவ்வளவுதான். பறக்கவிடும் பேச்சே கிடையாது. நான் ரிமோட்டைப் பிடுங்கி ஒருதடவை மேலே ஏற்றினேன். வழக்கம்போல 'டமார்'. நான் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா எழுந்து போய் அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அப்படிச் செய்தபோது வயரையே பிடுங்கிவிட்டார். அப்பாவுக்கு உயரமென்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி ஏட்டு என்று மனதுக்குள் ஒரு பட்டமும் கொடுத்தேன்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. ஒருநாள் குற்றாலத்தில் காலை டியூட்டி முடிந்து, நனைந்த காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து லேப்டாப்பைத் திறந்தார். விமானத்தைக் கோடிவரை ஓட்டித் திருப்பி நிறுத்தினார். அது இப்போது எங்களைப் பார்த்து நின்றது. அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் தூக்கி, திரையிலிருந்த விமானத்தை 'வா, வா' என்று கூப்பிட்டார். இடதுகையை மடக்கி 'ஒடி' என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

"இவன் வேன் டிரைவர். மூஞ்சி என்னப் பாத்து இருக்கு. என் இடது கை அவனுக்கு வலது கை. இத்தன வருஷமா ரோட்டுல இதத்தானட்டி செய்யுதேன்!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு உட்காரவே இல்லை. நின்றபடியே ரிமோட்டை எடுத்து ஓட்டினார். விமானம் பாதையின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து காலடியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் வேலியில் இடித்து நான் பார்க்கவில்லை.

ஆனிக் கடைசியில் அண்ணன் லீவுக்கு வந்தான். முகத்தில் தாடி லேசாக எட்டிப் பார்த்தது. வந்த மறுநாளே பீரோ மேலிருந்த விமானத்தை இறக்கித் தூசி தட்டி, கொண்டுவந்திருந்த புது மோட்டாரை மாட்டினான். சுந்தரபாண்டியபுரம் போகும் வழியில் வீட்டுமனை போட்டு, ரோடு மட்டும் போட்டுவிட்டு, ஒரு வீடும் வராமல் கிடந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே விடலாம் என்றான். நானும் வருவேன் என்றேன். ஆனால் காற்று அடித்த அடியில் சைக்கிளில் விமானத்தைக் கொண்டுபோக முடியாது. அம்மா உடனே, "அப்பா பைக்குல கொண்டுபோயி விடுவாங்க" என்றாள். யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மெதுவா போகச் சொல்லுங்க. றெக்க ஒடிஞ்சிரும்" என்றான் அண்ணன், மூன்றடி தள்ளி நின்ற அப்பாவுக்குக் கேட்கும்படியாக.

நான் விமானத்தை மடியில் அணைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்பா போன வேகத்தில் சைக்கிளில் வந்த அண்ணன் எங்களைத் தாண்டிப் போய், அங்கங்கே நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

அங்கே போனால் மேற்கே மலை முழுவதும் மேகம். கணவாய்க் காற்று எங்களையே தள்ளியது. அண்ணன் கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டான். அது கிழக்கே பறந்து காணாமல் போயிற்று. "இந்தக் காத்துல விட முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒரு மனைக் கல்லில் உட்கார்ந்தான். அப்பா பைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். நேரம் போயிற்று. காற்று நிற்கவில்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அலுப்பு தாங்கவில்லை.

"பறக்க வேண்டாம், சும்மா தரையிலயாவது ஓட்டு. நீ ஓட்டாட்டி அப்பா ஓட்டுவாங்க. அப்பா தினமும் கம்ப்யூட்டர்ல ஓட்டுதாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அண்ணன் காலடிப் புல்லைக் கிள்ளினான். பிறகு என்னிடம்தான் கேட்டான், "எத்தன நாளா?"

"முழுப்பரீச்ச லீவுலேர்ந்து."

அண்ணன் எழுந்தான். விமானத்தை ரோட்டில் வைத்தான். ரிமோட்டை அப்பா இருந்த திசையில் நீட்டினான், முகத்தை மலைப்பக்கம் வைத்துக்கொண்டு.

அப்பா வந்து வாங்கினார். ரோட்டில் கால்களை அகட்டி நின்றார், டியூட்டியில் நிற்பதுபோல. விசிறி சுற்றியது. நிஜ விமானம் லேப்டாப்பில் இருந்ததுபோல அமைதியாக ஓடவில்லை. கடகடவென்று குலுங்கியது. காற்று அதன் வாலைப் பிடித்துத் தள்ள, அது மலையைப் பார்த்துத் திரும்பத் திரும்ப முறைத்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் அதை நேர்ப்படுத்திக் கோடிவரை கொண்டுபோய்த் திருப்பினார். அது எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது. பாதி வழியில் பெரிய காற்று ஒன்று வந்தது. ஒரு இறக்கை தூக்கிக்கொள்ள, விமானம் சாய்ந்து ரோட்டோரக் கல்லை நோக்கி ஓடியது.

அண்ணன் அதைப் பிடிக்க ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான், "லெஃப்டு குடுங்க! லெஃப்டு!"

"எனக்கு லெஃப்டா, அதுக்கு லெஃப்டாலே?" என்று அப்பாவும் கத்தினார்.

"அதுக்குப்பா! அதுக்கு!"

விமானம் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து, ரோட்டுக்கு வந்து, அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா ஓடி வந்து குனிந்து, போன வருஷம் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலல்ல?" என்றார். "ஆகல" என்றான் அண்ணன். அவனும் குனிந்துதான் இருந்தான்.

கொஞ்சம் கழித்துக் காற்று சற்று அடங்கியது. "பறக்க விடுதியளா? நான் பக்கத்துல நிக்கேன்" என்று அண்ணன் அப்பாவைக் கேட்டான். அப்பா ரிமோட்டை அவன் கையில் கொடுத்து, "அது உன் வேல. நீ விடு" என்றார். அவன் ஏனோ விடவில்லை. "இன்னொரு ரவுண்டு ஓட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்தான். அப்புறம் அவன் ஒரு ரவுண்டு, அப்பா ஒரு ரவுண்டு. நான் ரோட்டில் கல் வைத்துக்கொடுக்க வேண்டும், விமானம் அதைச் சுற்றி வளைந்து வர வேண்டும். எனக்கு ஒரே ஒரு ரவுண்டு கொடுத்தார்கள். சாரல் விழும்வரை இதுதான் நடந்தது. விமானம் தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் பிராது வைத்தேன். "பறக்கவே இல்லம்மா! தரையிலயே ஓட்டிக்கிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும். போனதே தண்டம்."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். "ரெண்டு பேரும் என்னட்டி பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் பேசல. லெஃப்டு, ரைட்டுன்னு கத்துனாங்க."

"யாரு கத்துனா?"

"அண்ணன்தான். லெஃப்டு குடுங்கன்னான். அப்பா, எனக்கு லெஃப்டா அதுக்கு லெஃப்டான்னாங்க. அவன், அதுக்குப்பான்னான்."

"அப்பான்னா சொன்னான்?"

"ஆமா. ஏன்?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். லெஃப்டு என்றது முதலில் அவனா அப்பாவா என்று கேட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. அம்மாவுக்கும் விமானம் ஓட்டிப் பழக ஆசை வந்துவிட்டது, அதனால்தான் இத்தனை கேள்வி என்று நினைத்தேன். அதனால் அவள் எதிரில் போய் நின்று, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, விமானம் நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடதுபக்கம் எது என்று பொறுமையாக விளக்கினேன். அம்மா ஒரு வார்த்தை குறுக்கிடாமல், மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.