அப்பாவின் விண்ணப்பத்துக்கு ஒரு நகல்

ஈப்போவில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் அறிவிப்புப் பலகை முன்னால் அப்பா நின்ற கோலம் இன்றும் கண்ணில் இருக்கிறது. நான்காம் படிவ வகுப்பில் யாருக்கு எந்தப் பிரிவு என்று பட்டியல் ஒட்டியிருந்தார்கள். லகாட்டுக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து, அன்று பால்வெட்டுக்குப் போகாமல், கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு என்னுடன் பஸ் ஏறி வந்திருந்தார். மலாயோ ஆங்கிலமோ அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அறிவியல் பிரிவுப் பட்டியலின் மேல் விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்கினார். என் பெயர் வரும்போது நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். விரல் தாளின் அடியைத் தொட்டுவிட்டது. என் பெயர் பக்கத்துத் தாளில், வணிகப் பிரிவில் இருந்தது.

"அதுல என்ன படிப்பாங்க?" என்று கேட்டார்.

"டைப் அடிக்கிறது, கடிதம் எழுதுறது, பைல் வைக்கிறது."

மகள் டாக்டராகப் போகிறாள் என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருந்தவர் அவர். திரும்பும்போது பஸ்ஸில் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, "பரவாயில்லலா, ஏதாச்சும் கடையில உக்காந்து வேலை செய்யலாம்" என்று ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அப்பா யாரிடமும் பேசவில்லை. என்னிடமும்தான்.

எனக்கும் அந்த வகுப்பு அவமானமாகவே இருந்தது. விசைகளில் எழுத்து தெரியாதபடி வர்ணம் பூசிய தட்டச்சு இயந்திரங்கள், இரண்டு பேருக்கு ஒன்று. என் இடது சுண்டுவிரலுக்கு வலு போதாது. அது அடிக்கும் 'a' என்ற எழுத்து மட்டும் தாளில் மங்கலாக விழும். அந்த எழுத்து வராத மலாய்ச் சொல்லே அரிது என்பதால் என் கடிதங்களெல்லாம் மழையில் நனைந்தவை போலிருக்கும். எங்களுக்குப் பாடம் எடுத்த சீன டீச்சர் அன்பாகப் பேசுகிறவர் அல்லர். தேதி விடுபட்டால் தாளை அப்படியே திருப்பித் தள்ளுவார். எந்தக் கடிதத்துக்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுக்க வேண்டும், நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும், என்றைக்கு யாரிடம் என்ன பேசினோம் என்று குறித்து வைக்க வேண்டும் என்பார். பரீட்சைக்கு வரும் என்பதற்காக நான் அவற்றை மனப்பாடம் செய்தேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் குடியுரிமை உள்ளவர்கள்; எங்களுக்கு நீல அடையாள அட்டை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த அப்பாவுக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் பெர்மிட் இருந்தால்தான் வேலை செய்யலாம். வேலை போனால் லயத்து வீடும் போகும். எங்கள் வரிசையிலேயே இரண்டு குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டன. அப்பா அதற்கு முன்பே இரண்டு முறை குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். யாரோ எழுதிக் கொடுத்தார்கள், இவர் கொண்டுபோய்க் கொடுத்தார், அவ்வளவுதான். எப்போது, யாரிடம் என்று கேட்டால், "குடுத்தாச்சு. கண்ணாடி போட்ட ஒருத்தரு வாங்கிக்கிட்டாரு" என்பார்.

ஐந்தாம் படிவத்தில் அலுவல் கடிதம் ஒன்றைப் பயிற்சியாக எழுதச் சொன்னபோது, கற்பனைக் கம்பெனிக்கு எழுதாமல் அப்பாவின் குடியுரிமை மனுவுக்காக எழுதினேன். டீச்சர் படித்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். இரண்டு எழுத்துப் பிழைகளை வட்டமிட்டுவிட்டு, பள்ளி முடிந்ததும் நல்ல இயந்திரத்தில் அடித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கடிதத்தையும் நிரப்பிய மனுப் பாரத்தையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் அரசு அலுவலகத்துக்குப் போனோம். நகலில் முத்திரை வேண்டும் என்று நான் கேட்டதும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "பெரிய ஆபீஸ்ல போயி இப்படியெல்லாம் கேக்காத பாப்பா. கோவிச்சுக்குவாங்க." நான் நகர்வதாக இல்லை. குமாஸ்தா சலிப்போடு முத்திரையைக் குத்தி, ஒரு எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. பெர்மிட் முடிய ஆறு வாரம் இருக்கையில் மறுபடியும் போனோம். இடையில் இரண்டு முறை விசாரித்ததையும் நான் தேதியோடு குறித்திருந்தேன். இந்த முறை மனு வாங்கும் சாளரத்தில் புதிய ஆள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இந்தப் பெயரில் மனு எதுவும் வரவில்லை" என்று மலாயில் சொன்னார்.

அப்பா தலையாட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. "வா பாப்பா, போலாம்" என்று திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இவர் இப்படியே நடந்து போய்க் கப்பலிலும் ஏறிவிடுவார் என்று தோன்றியது.

நான் பைலைத் திறந்து நகலைச் சாளரத்துப் பலகையின் மேல் வைத்தேன். முத்திரையைக் காட்டினேன். எண்ணை வாசித்தேன். வந்துபோன நாட்களைச் சொன்னேன். எல்லாம் வகுப்பில் படித்த மலாய்தான். அவர் முத்திரையைக் கூர்ந்து பார்த்தார். "இங்கேயே இருங்கள்" என்று நகலோடு உள்ளே போனார். மரப் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்பா முழங்கால்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அரைமணி நேரம் கழித்து, தூசி தட்டிய ஒரு கோப்போடு அவர் வந்தார். மனு அங்கேயேதான் இருந்திருக்கிறது. இன்னார் மகன் இன்னார் என்பதில் தாத்தாவின் பெயரை அப்பாவின் பெயராக எடுத்துக்கொண்டு வேறோர் அடுக்கில் வைத்துவிட்டார்கள். எண் மட்டும் இல்லையென்றால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அவரே சொன்னார். மன்னிப்பும் கேட்டார். நேர்காணலுக்கு நாள் குறித்து, அதுவரை பெர்மிட்டை நீட்டிக்க ஒரு கடிதமும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சாலையோரத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. பாதி குடித்த பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த டைப் கிளாஸ்ல வேற என்னலாம் சொல்லிக் குடுக்கிறாங்க?"

ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார். பைல்களை அடுக்கி வைப்பது, சுருக்கெழுத்து, கூட்டக் குறிப்பு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஏறியும் நிறுத்தவில்லை. பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார்.

அந்தப் படிப்புதான் எண்பதுகளில் என்னைக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார வைத்தது. இப்போது ஓய்வு பெற்று குனோங் ராபாட்டில் இருக்கிறேன். தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. மார்க் குறைந்தவர்களுக்குத்தான் வணிகப் பிரிவு என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. எங்கள் வீட்டில் ஒருவரைக் கடல் தாண்டிப் போகாமல் நிறுத்தியது அந்தப் பிரிவு. அதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு தானாக இறங்குகிறது.

நேர்காணல் முடிந்து, நீல அட்டை அப்பாவின் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா அதைப் பிடித்துப் பார்த்தார், அம்மாவிடம் கொடுத்தார், குளித்தார், சாப்பிட்டார். பிறகு பாயை விரித்துப் படுத்துவிட்டார். காய்ச்சல் வந்தால்கூடப் பகலில் படுக்காதவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்தபோது அம்மா வாசலிலேயே நின்று, "தூங்குறாரு, அப்புறம் வாங்க" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார். பொழுது சாயும்வரை நாங்கள் யாரும் அவரை எழுப்பவில்லை.