வலப்பக்கம், மூன்றாம் தட்டு

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், கிழக்குக் கரையில் என் கைபடாத ஆமை ஒன்றுகூடக் கிடையாது. என்னைக் கண்டால் அவை தலையை உள்ளே இழுப்பதில்லை, நலம் விசாரிக்கும். சரி, இதில் முக்கால்வாசி புளுகு. எங்கள் ஓடையில் ஆமைகளைப் பிடித்தவன் எல்வுட் பிராட்ஷா. நான் அளந்து, எடைபோட்டு, நோட்டில் எழுதியவள்.

எல்வுட் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் நண்டுப் படகில் ஏறியவன். ஆராய்ச்சிக்கு ஆமை வேண்டும் என்று போய்க் கேட்டபோது, "ஆமையப் படிக்கப் போறியா? எங்க தாத்தா சூப்பு வச்சே படிச்சு முடிச்சாரு" என்றான். மறுநாளே ஒரு கிழட்டுப் பெண் ஆமையோடு வந்தான். அதன் ஓட்டு விளிம்பில், வலப்பக்கம் மூன்றாம் தட்டில், அரத்தால் ஒரு வெட்டுப் போட்டேன். ஒவ்வோர் ஆமைக்கும் வெட்டு வெவ்வேறு தட்டில்; இவளுக்கு அதுதான் அடையாளம். அவன் வைத்த பெயர் மகாராணி. ஒவ்வொரு ஜூனிலும் அவன் வீட்டுக் கரை மணலில்தான் அவள் முட்டையிடுவாள்.

ஓர் ஆகஸ்டில் அவனுடைய நண்டுக் கூண்டில் ஆமை ஒன்று சிக்கியது. கடல் ஏறியதும் மேலே வந்து மூச்சுவிட வழியில்லாமல் செத்தது. கூடையில் மல்லாக்கப் போட்டு என்முன் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாருன்னு பாரு, வின்னி."

வெட்டைத் தேடினேன். வலப்பக்கம், மூன்று.

"மகாராணி" என்றேன்.

அன்றே எழுபது கூண்டையும் கரையேற்றினான். அதன்பின் நண்டுப் பக்கமே போகவில்லை. சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்த மே மாதம், அவன் இல்லாமல் நானே போட்ட வலையில் மகாராணி உயிரோடு ஏறினாள். மல்லாந்து கிடக்கும் ஆமைக்கு என் வலம் அதன் இடம் என்பது அப்போதுதான் உறைத்தது; செத்தது இடப்பக்கம் வெட்டிய வேறோர் ஆமை. சொன்னால் கூண்டுகள் ஓடைக்குத் திரும்பிவிடும், ஆமைகள் சாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான் நிஜக் காரணம். பதினோரு வருடம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் உடைத்த சிப்பியை நிரப்பிக் கொடுத்த ஜாடியை வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். அவன் விரல்களில் கத்தி கிழித்த தழும்புகளை மட்டும் பார்ப்பதில்லை.

இன்று காலை, இதுவரை எழுதியதை அவன் சமையலறையில் உட்கார்ந்து அவனுக்கே படித்துக் காட்டினேன். காப்பியைக் கீழே வைத்தான்.

"ஒரு திருத்தம் எழுதிக்க. அந்த ஜூன்லயே அவ என் மணலுக்கு வந்துட்டா. வெட்டு எத்தனாவது தட்டுன்னு நானே எண்ணிப் பாத்தேன். காலேஜ் படிச்ச உன் முகம் கறுத்துடுமேன்னுதான் சொல்லல."

"தெரிஞ்சும் ஏன் திரும்பக் கூண்டு போடல?"

"செத்தது மகாராணி இல்ல, சரி. ஆமைதானே?"