விஸ்கி கிளாஸும் பியாட்ரிஸின் மூக்கும்

குன்னூருக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை வாங்கி ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதன் பாரில் கிளாஸ் கழுவுவது பியாட்ரிஸின் வேலை. காலை ஒன்பது மணிக்கு அவள் உள்ளே நுழையும்போது முந்தைய நாளின் கிளாஸ்கள் டிரே டிரேயாக அடுக்கியிருக்கும். அடியில் இரண்டு விரல் மஞ்சள் தண்ணீர், அதில் ஊறி வெடித்த சிகரெட் துண்டு, மென்று துப்பிய எலுமிச்சைத் தோல், விளிம்பில் ஒட்டிய உதட்டுச்சாயம். ஒருநாள் யாரோ விரலிலிருந்து உரித்துப் போட்ட பிளாஸ்திரி மிதந்தது. கை வைக்கும் முன் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். கட்டினாலும் வாசனை விடாது. நாலு வருஷமாகியும் அந்தக் குமட்டல் பழகவில்லை.

மூக்குதான் அவளுக்கு வினை. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், டேஸ்டிங் ரூமில் வேலை பார்த்தாள். தூளைக் குண்டுமணித் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும், சரியான நிமிஷத்தில் வெள்ளைக் கோப்பைகளில் வடித்து வரிசையாக வைக்க வேண்டும். தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒவ்வொன்றாக உறிஞ்சிச் சுழற்றித் துப்பிக்கொண்டே போவார். கோப்பை எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே வெண்மை. ஒரு கோப்பையில் ஈரத்துணி வாசனை இருந்துவிட்டால் அன்றைய தூள் முழுக்கக் கெட்ட பேர் வாங்கிவிடும். போகப்போக டீமேக்கர் உறிஞ்சுவதற்கு முன்பே எது தேறும், எது தேறாது என்று நீராவியை முகர்ந்தே அவள் சொல்லிவிடுவாள். ஃபேக்டரியை மூடிய பிறகு அந்த மூக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அக்காள் மகள் ஃபெபியோடு அருவங்காட்டில் வாடகை வீடு. ஃபெபி நர்சிங் படிக்கிறாள். பார் வேலைதான் கிடைத்தது. வந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் மேனேஜர் மனோகரன் அவளைக் கூப்பிட்டார். சனிக்கிழமை மத்தியானம் விஸ்கி ருசி பார்க்கிற நிகழ்ச்சி ஒன்று நடக்கப்போகிறது, பதினெட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், விஸ்கிக்கென்றே வடிவமைத்த கிளாஸை விற்கிற கம்பெனி அதை நடத்துகிறது என்றார். நன்றாக நடந்தால் ஹோட்டலும் அந்தக் கிளாஸுக்கு மாறிவிடுமாம்.

கம்பெனி ஆள் தினேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரன். முப்பது வயதிருக்கும். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. பட்டுத்துணி விரித்த பெட்டியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக் காட்டினான். அடி பருத்து, மேலே போகப்போகக் குறுகி, வாய் மட்டும் கொஞ்சம் மலர்ந்திருந்தது. பிடிக்கக் குட்டையாக ஒரு கால். அழகாகத்தான் இருந்தது. அதை வெந்நீரில் இரண்டு தடவை அலசிப் புதுத்துணியால் துடைத்து வைக்கச் சொன்னான். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட அகல வாய் வைத்த சாதாரண கிளாஸும் வேண்டுமாம். ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளில் கிடந்ததை அவனே தேடி எடுத்து வந்திருந்தான்.

பியாட்ரிஸ் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். மழை மாதத்தில் மூடிக்கிடந்த அட்டையின் பூஞ்சை வாடை அதற்குள் அப்படியே அடைந்திருந்தது. அதற்கும் கீழே எப்போதோ அழுக்குத்துணியால் துடைத்த எண்ணெய் நெடி. இதையும் அலசி வைக்கிறேன் என்றாள்.

"அது வேண்டாமுங்க்கா. அப்படியே எடுத்து வைங்க" என்றான் தினேஷ்குமார்.

"வாடை அடிக்குதுங்க."

"தெரியுமுங்க்கா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இதே வேலையை அவளும் ஒருகாலத்தில் செய்திருந்தாள். ஃபேக்டரியில் தூள் வாங்க ஆள் வருகிற நாட்களில் பக்கத்து எஸ்டேட் சாம்பிளையும் ஒப்பிடுவதற்காக வைப்பார்கள். அதற்கு மட்டும் கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றச் சொல்லி டீமேக்கர் கண்ணைக் காட்டுவார். இரண்டு தடவை அவள் ஊற்றியிருக்கிறாள். பக்கத்து எஸ்டேட் தூள் வெளிறிப்போய், உயிரில்லாமல் கிடக்கும். வந்தவர் முகத்தைச் சுளித்துத் துப்புவார். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை. பூஞ்சை வாடை அடித்த பதினெட்டு கிளாஸ்களையும் அவளே தன் கையால் மேஜையில் பரப்பினாள்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு கிளாஸ், இரண்டிலும் ஒரே விஸ்கி. முதலில் சாதாரண கிளாஸை முகரச் சொன்னான் தினேஷ்குமார். மூக்கைச் சுருக்கினார்கள். அடுத்தது விசேஷ கிளாஸ். கையில் எடுப்பதற்கு முன்பே அதில் என்னென்ன வரும் என்று அவன் சொல்லிவிட்டான்: தேன், வெனிலா, கொஞ்சம் மிளகு. முகர்ந்தவர்கள் தேன் என்றார்கள், வெனிலா என்றார்கள். தேயிலை புரோக்கர் ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு, தன் பாட்டியின் அஞ்சறைப்பெட்டி மணக்கிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தட்டுகளோடு ஓரமாக நின்ற பியாட்ரிஸுக்கு, காலையில் கழுவும் மஞ்சள் தண்ணீர் பரவாயில்லை என்று தோன்றியது. அது அழுக்கு என்று பார்த்தாலே தெரியும். இங்கே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குச் சொற்கள் எச்சிலோடு கைமாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்தது அவள். தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். பூஞ்சை வாடை.

அடுத்த சுற்றுக்கு முன் கட்லெட் கொடுக்க அரைமணி இடைவெளி. அடுத்த சுற்றுக்கான சாதாரண கிளாஸ்கள் இன்னொரு அட்டைப்பெட்டியில் தயாராக இருந்தன. பியாட்ரிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சோடாமாவு போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் மூன்று தடவை முக்கியெடுத்து, துணி படாமல் கவிழ்த்து வைத்தாள். சூட்டிலேயே காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக முகர்ந்தாள். எதிலும் ஒன்றுமில்லை. கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

வேறு ஒரு விஸ்கியை ஊற்றினார்கள். தினேஷ்குமார் அதே பேச்சைப் பேசினான். இந்தத் தடவை கிளாஸை எடுத்தவர்கள் மூக்கைச் சுருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜீவிதா என்ற அம்மாள் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, தனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார். திரும்பியபோது, ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த பியாட்ரிஸ் அவர் கண்ணில் பட்டாள்.

"ஏனுங்க, நீங்க தினம் இதோடயே இருக்கறவங்க. எது தேவலைங்க?"

மனோகரன் குறுக்கே வரப் பார்த்தார். பியாட்ரிஸ் அதற்குள் இரண்டு கிளாஸையும் எடுத்துவிட்டாள். டேஸ்டிங் ரூமில் செய்வதுபோலவே மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, முதலில் ஒன்று, பிறகு மற்றது. சாராய நெடி நெற்றிவரை ஏறியது. வாய்க்குள் ஊறியதை விழுங்கிக்கொண்டாள்.

"சின்ன வாய்ல வாசம் கலையாம நிக்குதுங்க. அது நெசந்தானுங்க" என்றாள். "ஆனா எரிப்பும் அதோடவே சேந்து ஏறுது. அகல வாய்ல ரெண்டுமே கொஞ்சம் தணிஞ்சு வருது. எதுவும் கலக்காம மோந்து மோந்து குடிக்கறவங்களுக்குச் சின்ன வாய் ஆகும். ஐஸும் சோடாவும் ஊத்திக் குடிக்கறவங்களுக்கு எதுவானா என்னுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "மொதச் சுத்துல குடுத்த அகல வாய் கிளாஸு கழுவாததுங்க. கழுவ வேண்டாம்னு சொன்னாங்க. நாந்தான் எடுத்து வெச்சேன்."

தினேஷ்குமாரின் முகம் ஒரு நொடிதான் மாறியது. பிறகு அதே மரியாதையான குரலில், ஹோட்டல் ஆட்கள் கழுவ மறந்துவிட்டதற்குத் தன் கம்பெனி சார்பில் வருந்துவதாகச் சொன்னான். மனோகரன் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பி, பணியாளரின் கவனக்குறைவு என்றார். மன்னிப்புக் கேள் என்று அவளுக்குக் கண்ணால் சொன்னார். அவள் கேட்கவில்லை.

அதைவிட அவளை அதிரவைத்தது அடுத்து நடந்ததுதான். ஆறுக்குட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுவினாலும் கழுவாவிட்டாலும் தனக்கு வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது என்றார். அந்தக் கிளாஸில் தனக்கு இரண்டு பெட்டி எழுதிக்கொள்ளச் சொன்னார். தேன் என்று சொன்னவர் ஒரு பெட்டி, வெனிலா என்றவர் ஒரு பெட்டி. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதை இனி எப்படித் திரும்ப வாங்குவது? டாக்டரம்மாள் மட்டும் விஸ்கியைத் தொடாமல் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். அவரும் போகிற போக்கில் பியாட்ரிஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை அவளைச் சலவைக்கு மாற்றினார்கள். ஹோட்டல் அந்தக் கிளாஸைத்தான் வாங்கியது. அதில் விஸ்கியோடு குளிர்பானமும் ஐஸும் கலந்து குடித்தார்கள். கழுத்து குறுகல் என்பதால் கை உள்ளே போகவில்லை. அடியில் பிசுக்கு ஒட்டியது. அவளுக்குப் பதிலாகக் கழுவ வந்த கருப்பம்மா குச்சியில் துணியைச் சுற்றிக் குடைந்துகொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் தினேஷ்குமார் மறுபடியும் வந்தான். சலவைக்கூடத்து வாசலில் நின்று, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். அவளைப் போல ஒரு மூக்கை அவன் பார்த்ததே இல்லையாம். ஊர் ஊராக நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு அவள் கூட வர வேண்டும். தேயிலை ருசி பார்த்த அம்மா என்றால் ஜனங்கள் நம்புவார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைப்போல மூன்று பங்கு.

"சின்ன வாய்ல வாசம் நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க்கா, அது போதும். எரிப்பு கதையெல்லாம் வேண்டாம்."

ஃபெபியின் கடைசி வருஷ ஃபீஸ் அவள் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து சென்ட் வாசனை அலையலையாக வந்தது. அதற்கடியில் ஸ்டோர் அட்டையின் பூஞ்சை வாடையும் வருவதுபோல அவளுக்குப் பட்டது. நிஜத்தில் இருந்திருக்காது. இருந்தாலும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வரலீங்க" என்றாள். "பொய்க்குக் கோப்பை எடுத்து வெச்சவ நானு. போதுமுங்க. இனி வாயையும் குடுக்க முடியாதுங்க."

அவன் யோசித்துச் சொல்லுங்கள் என்று கார்டை நீட்டினான். அவள் கையில் ஈரம் இருந்தது. வாங்கவில்லை. அவன் அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

ஃபெபியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேங்க் லோனுக்கு விண்ணப்பம் எழுதி, ஜாமீன் கையெழுத்துப் போடச் சித்தி ஒருநாள் லீவு எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பியாட்ரிஸ் லீவு எடுத்தாள். சலவை வேலையில் பிளீச்சிங் பவுடர் பட்டு விரலிடுக்கு புண்ணாகிறது. மழை நாட்களில் படுக்கை விரிப்புகள் காயாமல் முடைநாற்றம் அடிக்கின்றன. அப்படிப்பட்ட விரிப்பை அவள் மடித்து அறைக்கு அனுப்புவதில்லை. மனோகரன் வந்து சத்தம் போட்டாலும் மறுபடி தண்ணீரில் போட்டுவிடுகிறாள்.