சிரிப்பு மாமாவின் தோளில் மூன்று விரல்

சம்பந்தி வெளியேறிவிட்டார்!

பதறாதீர்கள்... கலியாணத்திலிருந்து அல்ல, வட்ஸ்அப் குழுவிலிருந்து. ஆனால் போன கிழமை அந்தச் சாம்பல் நிற வரியைப் போனில் பார்த்தபோது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. மகள் அபிக்குப் பொன்னுருக்கு வைக்க நாள் குறித்தாயிற்று. பணியாரத்துக்குப் பயறு வறுத்து இடித்தாயிற்று. இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனால், பெண்ணைப் பெற்றவள் என்ன நினைப்பாள்?

நினைக்கக்கூடாததை எல்லாம் நினைத்தேன்.

பொன்னுருக்கு தெரியும்தானே? மாப்பிள்ளை வீட்டில் சபைக்கு நடுவில் ஆசாரியார் கரியடுப்பு மூட்டி, தாலிக்கான பொன்னை எல்லோரும் பார்க்க உருக்குவார். அதற்கு யார் யார் வருவது, என்ன கொண்டுவருவது என்று பேசுவதற்காக இரண்டு வீட்டாரையும் சேர்த்து அபிதான் அந்தக் குழுவைத் தொடங்கினாள். சம்பந்தி பத்மா அக்கா நெல்லியடியில் இருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல பகிடிக்காரி. அன்றைக்கு அவர் எழுதியிருந்தார்: "ஆசாரியாருக்குச் சீனி வருத்தமாம். பலகாரத்தைத் தன்ரை கண்ணிலையும் காட்டக்கூடாதாம். சொல்லிப்போட்டுப் போகேக்கை, 'அரியதரம் எத்தினை சுடுறியள்?' எண்டு கேட்டவர்."

சிரித்தேன். சிரித்தால் போதுமா? இந்தக் காலத்தில் சிரித்ததற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும். ஆகவே சிரிப்பு மாமா ஸ்டிக்கரைத் தட்டிவிட்டேன். லண்டனில் இருக்கிற என் தங்கையும் சிரிப்பு மாமாவை அனுப்பினாள். அவளுடைய கணவர் ஒன்று, அபி ஒன்று... திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே மாமா, பல் தெரிய நிற்கிறார்.

அதற்குக் கீழேதான் அந்தச் சாம்பல் வரி.

சிரிப்பு மாமா என்ற பெயர் எங்கள் வீட்டில் வைத்தது. உங்கள் வீட்டில் வேறு பெயராக இருக்கலாம். ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள் — இந்தப் பத்தியை வாசித்துவிட்டு நீங்கள் எனக்கு அனுப்புகிற பதில்களிலேயே எத்தனையோ தடவை வந்திருக்கிறார். வெறும் மேலுடன், தோளில் ஒரு சால்வை. இரண்டு கண்ணும் இறுக மூடி, கடைவாய்ப்பல் தெரியுமளவுக்கு வாய் திறந்திருக்கும். வெட்டியவர் சரியாக வெட்டவில்லை, மாமாவின் இடது தோளில் யாரோ ஒருவருடைய மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள் என்று நாங்கள் எங்களுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தோம்.

ஒரே ஒரு ஆள் மட்டும் அதற்கு உடன்படவில்லை. என் வீட்டுக்காரர்!

இவருக்குக் கண்ணில் புரை. ஒப்பரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார் — பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். போனில் எழுத்துத் தெரியாது என்பதால் ஸ்டிக்கர் மட்டும்தான் அனுப்புவார். கொஞ்ச நாளுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் காலமாகிவிட, ஊர்க் குழுவில் எல்லோரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். இவர் என்ன போட்டார் என்று நினைக்கிறீர்கள்? சிரிப்பு மாமாவை!

செத்தவீட்டிலிருந்தே எனக்குப் போனில் கோல் வந்தது. "மாமி, மாமாவுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்டபோது நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்தவீட்டுக்குச் சிரிக்கிற படமோ போடுறது? உங்களுக்கு வயதுபோய் அறளை பேந்திட்டுதோ?"

"அவர் சிரிக்கேல்லையப்பா, அழுகிறார்."

"ஊர் உலகமெல்லாம் சிரிப்பு எண்டு சொல்லுது, உங்களுக்கு மட்டும் அழுகையோ?"

இவர் அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடாத மனிதரோடு எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது? விட்டுவிட்டேன்.

சரி, சம்பந்திக்கு வருகிறேன். கோல் எடுத்தால் எடுக்கவில்லை. அபி மாப்பிள்ளையைக் கேட்டாள். "அம்மா ஒண்டும் சொல்லேல்லை, அழுதுபோட்டுப் படுத்திட்டா" என்றாராம். அழுதாரா? அரியதரத்துக்கா? என் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் இவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் நெல்லியடிக்கு வெளிக்கிட்டேன்.

அரியாலையிலிருந்து நெல்லியடிக்கு மருதனார்மடம் ஒரு வழியே இல்லை, சுற்று. ஆனால் இவர் ஓட்டோக்காரரிடம் அங்கே விடச் சொன்னார். ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்த வேண்டுமாம். வருடப்பிறப்புக்குக் கோயிலுக்கு வரச் சொன்னாலும் கால் உளைகிறது என்கிற மனிதர்! அப்போதுதான் தெரிந்தது, இவருக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்திருக்கிறது என்று. சந்தையில் ஒரு சீப்புக் கதலியும் வாங்கிக்கொண்டோம். வெறுங்கையோடு போய் நிற்க முடியாதல்லவா?

பத்மா அக்கா படலைக்கே வந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆனால் வரவேற்பில் குறையில்லை. கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, தானும் எதிரே இருந்தார்.

"அக்கா, நாங்கள் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டமோ?" என்றேன்.

"உங்களிலை ஒரு கோவமும் இல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது என்ரை தம்பி."

"ஆர்?"

"நீங்கள் எல்லாரும் அனுப்பினீங்களே... அவன்தான்."

என் கையிலிருந்த போனை வாங்கி, அந்தப் படத்தைத் திறந்து, மாமாவின் தோளில் இருந்த மூன்று விரல்களையும் தொட்டுக் காட்டினார்.

"இது என்ரை கை."

பார்த்தேன். படத்தில் நடுவிரலில் ஒரு நீலக்கல் மோதிரம். அதே மோதிரம் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய விரலிலும் இருந்தது.

பத்மா அக்காவுக்கு ஒரு அண்ணர் இருந்தார், திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். இது எங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். அவருடைய முதல் வருட ஆட்டைத் திவசம் முடியட்டும் என்றுதான் இந்தக் கலியாணமே தள்ளிப்போனது. இதே வீட்டில், இதே கதிரையில் இருந்து நான் துக்கம் விசாரித்திருக்கிறேன். அந்தச் செத்தவீட்டின் ஒரு துண்டைத்தான் போனில் வைத்துக்கொண்டு இத்தனை நாளும் சிரித்திருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்?

அந்த அண்ணரின் பிள்ளைகள் ஒருவர் நோர்வே, ஒருவர் கனடா. வந்துசேர நேரமில்லை. இப்போது எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் பந்தல்காரருக்கு அடுத்ததாக வீடியோக்காரருக்குத்தானே சொல்லுகிறோம்? லைவ் போட்டார்கள். உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிற சொந்தம் முழுவதும் பார்க்கட்டும் என்று லிங்கைத் திறந்துவிட்டார்கள். சொந்தம் பார்த்தது. சொந்தமில்லாத யாரோ ஒருவரும் பார்த்தார்.

"பெட்டி மூடேக்கை 'அண்ணை' எண்டு கத்தினவன். அதுக்குத்தான் வாய் அப்பிடித் திறந்தது. பெட்டியை வெட்டிப்போட்டு, எங்களை வெட்டிப்போட்டு, அவனை மட்டும் எடுத்து வைச்சிருக்கினம்" என்றார் பத்மா அக்கா.

உலகம் முழுக்க ஓடித் திரிகிற எத்தனையோ மீம்களுக்குப் பின்னால் ஒரு விபத்தோ, ஒரு வருத்தமோ, ஒரு வழக்கோ இருக்கிறது என்று அபி ஒருநாள் சொன்னாள். எங்கேயோ வெள்ளைக்காரர் தேசத்துச் சங்கதி என்று நான் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டிருந்தேன். அது நெல்லியடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை.

தம்பியின் பெயரை ராசன் என்று வைத்துக்கொள்வோம். நெல்லியடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆணி வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்களாம், பிறகு போனைப் பார்ப்பார்களாம், பிறகு வெளியே போய் நின்று சிரிப்பார்களாம். அன்றிலிருந்து கமரா இருக்கிற இடத்துக்கு அவர் போவதில்லை. கமரா இல்லாத இடம் இப்போது எது? கலியாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை, எங்கள் அபியின் நிச்சயதார்த்தத்துக்கும் வரவில்லை. கடையில் வேலை என்று அப்போது சொன்னார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

"இப்ப பொன்னுருக்குக்கும் வரமாட்டானாம்" என்றார் பத்மா அக்கா. "எங்கடை வீட்டிலை தாய்மாமன் தேங்காய் உடைச்சாத்தான் அடுப்பு மூட்டுறது. மூத்தவர் இருந்தா அவர் உடைச்சிருப்பார். இவன் ஒருத்தன்தான் மிச்சம். என்ரை பிள்ளைக்கு மாமன் இருந்தும் மாமன் இல்லை."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நான் அப்பவே சொன்னனான், அவர் அழுகிறார் எண்டு."

இவருக்கு எங்கே எதைச் சொல்வது என்று ஒரு கணக்கே கிடையாது. துடையில் கிள்ளலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"உங்களுக்கு என்னெண்டு தெரிஞ்சது?"

கேட்டது பத்மா அக்கா இல்லை. வாசலில் ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். சட்டையில் இரும்புக் கறள். ஒரு நாளும் நேரில் காணாத அந்த முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு சுருக்கமும் இல்லை. தேத்தண்ணிக்குத் தமக்கையிடம் வந்தவர், எங்கள் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார்.

இவர் அசையவில்லை. "எனக்கு முகம் வடிவாத் தெரியாது தம்பி, கண்ணிலை புரை. கைதான் தெரிஞ்சது. சிரிக்கிற ஆளை ஒருத்தரும் அப்பிடி இறுக்கிப் பிடிக்கமாட்டினம். விழப்போற ஆளைத்தான் அப்பிடிப் பிடிக்கிறது."

பத்மா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ராசன் வந்து கதிரையில் இருந்தார்.

"எத்தினையோ பேர் என்ரை முகத்தைப் பாத்தவை, அண்ணை. கையை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார். பிறகு, "என்ரை முகம் எல்லாருக்கும் தெரியும். அண்ணர் செத்ததுதான் ஆருக்கும் தெரியாது" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"பொன்னுருக்குக்கு வாரும்" என்றார் இவர். "அண்ணரின்ரை பிள்ளையள் லைவிலை பாக்க ஆசைப்படுவினம், கமராவை நிப்பாட்டேலாது. ஆனா அது தேங்காயைப் பாக்கட்டும். உமக்குப் பின்னாலை நிண்டு எடுக்கச் சொல்லுவம். உம்மடை கை தெரிஞ்சாப் போதும்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் ராசன். எங்கள் ஊரில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை என்றுதான் அர்த்தம்.

அன்று பின்னேரமே எல்லோர் போனிலிருந்தும் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். லண்டன் தங்கை மட்டும் வழக்கம்போல் பிகு பண்ணினாள். "நான் ஒருத்தி அழிச்சா உலகம் முழுக்க அழிஞ்சிடுமோ?" என்றாள். அழியாதுதான். ஒழுங்கையில் எல்லோரும் குப்பை போடுகிறார்கள் என்பதற்காக நாங்களும் கொட்ட வேண்டுமா என்று கேட்டேன். பேசாமல் அழித்துவிட்டாள்.

பொன்னுருக்கு இந்தத் திங்கட்கிழமை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, ஆசாரியார் அடுப்பில் கரி பரப்பிவிட்டு விசிறியோடு காத்திருந்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்மா அக்கா படலையைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "வேறை ஆரும் உடைச்சா என்ன?" என்று தொடங்கினார். பத்மா அக்கா ஒரு பார்வை பார்த்தார், அவர் அடங்கிவிட்டார்.

அப்போது படலை திறந்தது. வேட்டி, தோளில் ஒரு சால்வை. கையில் அவரே உரித்துக் குடுமி வைத்துக்கொண்டு வந்த தேங்காய்! பத்மா அக்கா, "வந்திட்டான்" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

நாங்கள் சொன்னபடி வீடியோக்காரர் ராசனின் முதுகுப் பக்கமாக நின்றார். ராசன் கத்தியால் ஒரு போடு போட்டார், உடையவில்லை. மறுபடி போட்ட போட்டில் தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. பிளந்த வேகத்தில் தண்ணீர் முழுவதும் ஆசாரியாரின் முகத்தில்!

ஆசாரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, எனக்குச் சீனி எண்டு சொன்னனான் எல்லே?" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. ராசனும் சிரித்தார். கண் இரண்டும் இறுக மூடி, கடைவாய்ப்பல் தெரிய... அச்சு அசல் அதே முகம்! அங்கே இருந்த எல்லோர் கையிலும் போன் இருந்தது. அந்த முகத்தை அடையாளம் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. ஒருவரும் போனைத் தூக்கவில்லை. அபிக்குத் தாலி ஏறியதுபோல் எனக்கு ஒரு நிறைவு. அடுப்பு மூண்டது, பொன் உருகத் தொடங்கியது.

இதை எல்லாம் ராசனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அக்கா, படம் மட்டும் போட்டிடாதேங்கோ" என்றார்.

பத்மா அக்கா மறுபடி குழுவில் சேர்ந்துவிட்டார். ஆசாரியார் போகும்போது அரியதரம் கட்டிக்கொண்டு போனதாகவும் தகவல்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சபை சிரித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ராசனையே பார்த்தார். "அவர் ஏனப்பா அழுகிறார்?" என்று என் காதுக்குள் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழும்பிப் போய், ராசனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் திருத்தப் போகவில்லை. போன தடவையும் நாங்கள்தானே பிழை!