நாலு டக்

‘ஆக்டிங்’ என்றதும் சினிமாவை நினைக்கிறவர் திண்டுக்கல்லுக்குப் புதிது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருக்கும் பிள்ளையிடம் தாய்க்காரி, “ஆக்டிங் குடுக்காம எந்திரி” என்பாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே புது தலைமையாசிரியர் வரும்வரை நாற்காலியில் இருக்கிறவர் ஆக்டிங் எச்.எம். அவர் நடிக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுக் காருக்கு இருக்கிற டிரைவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வந்து ஓட்டிவிட்டுப் போகிறவன் ஆக்டிங் டிரைவர்.

பாஸ்கல் இந்தக் கடைசி ரகம். இருபத்தாறு வருஷமாக. இருபத்தாறு வருஷம் ஒரே வேலையைப் பார்க்கிற மனுஷனை இன்னமும் ஒரு நாள் ஆள் என்று சொல்வது என்ன நியாயம் என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. கார்க்காரர்களின் செல்போன்களில் எல்லாம் அவர் பெயர் ‘ஆக்டிங் பாஸ்கல்’ என்றே இருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கும் ஒன்றும் இல்லை.

இந்த வேலையின் அலுப்பு ஸ்டியரிங்கில் இல்லை. மாசத்துக்குப் பத்து வண்டி, பத்துவித கிளட்ச், பத்து முதலாளிகளின் முகக்கோணல். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் கடைசிப் பந்தி, அதுவும் யாருக்காவது ஞாபகம் வந்தால். ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. “பாஸ்கலு, நாளைக்கு ஃப்ரீயா?” என்று போன் வந்தால் ஃப்ரீதான் என்று சொல்லியாக வேண்டும். ஒரு தடவை இல்லை என்றால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஐம்பத்தொரு வயதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டு வாசலில் பைக்கைவிட்டு இறங்கும்போது முகத்தைச் சுளித்தால் மனைவி லூர்துமேரி, “வந்ததும் ஆக்டிங் ஆரம்பிச்சாச்சா?” என்று முன்பெல்லாம் கேலி செய்வாள். ரெண்டு வருஷமாக அப்படிச் சொல்வதில்லை. தைலத்தை எடுத்து வருகிறாள்.

அந்தத் தொழிலில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. பெர்மனென்ட் டிரைவர்தான் தனக்கு ஆக்டிங் ஆளைப் பார்த்து அனுப்புவார். போகிறவன் சாயங்காலம் வண்டியை விடும்போது சீட்டு, கண்ணாடி, ரேடியோ எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட வேண்டும். மறுநாள் வந்து உட்காருகிறவருக்கு நடுவில் ஒருத்தன் உட்கார்ந்து போனதே தெரியக் கூடாது. பாஸ்கல் குட்டை. சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியைத் தூக்கி முன்னால் இழுக்கும்போது எத்தனை ‘டக்’ என்று எண்ணிக்கொள்வார். சாயங்காலம் அத்தனை டக் பின்னால் தள்ளிவிட்டுத்தான் இறங்குவார். ஜெபமாலையைக்கூடக் கண்ணாடியில் மாட்ட மாட்டார், சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். அதனாலேயே அவரை நம்பி எல்லோரும் வண்டியைக் கொடுத்தார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் பொன்னுத்துரைக்குத் திண்டுக்கல்லில் வீடு. அவருடைய டிரைவர் சின்னக்கண்ணு, நல்ல உயரமான மனுஷன், அவரிடம் பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். போன ஆனியில் செம்பட்டிக்குப் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்து அவருக்கு இடது கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பாஸ்கலைக் கூப்பிட்டார்.

“மூணு மாசம் ஆகுங்கிறாங்க அப்பு. நீ போய் உக்காரு. வேற எவனையும் நம்பி என் சீட்டைக் குடுக்க மாட்டேன்.”

பாஸ்கல் போய் உட்கார்ந்தார். நாலு டக் முன்னால்.

மூன்று மாசமும் ஒரே வண்டி, ஒரே ரோடு. மதியம் மண்டியில் சுடச்சுடச் சோறு. வாரத்தில் ஒரு நாள் மண்டி லீவு, அன்றைக்கு முதலாளி கூப்பிடவே மாட்டார். முதல் லீவு நாளில் பாஸ்கல் பத்து மணி வரை தூங்கிவிட்டு, என்னவோ தப்புப் பண்ணியவர் போல எழுந்து உட்கார்ந்தார். ரெண்டாம் மாசம் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. அந்த சீட்டின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா? அப்படியும் ஒவ்வொரு சாயங்காலமும் நாலு டக் பின்னால் தள்ளிவிட்டுத்தான் இறங்கினார்.

மூன்றாம் மாசக் கடைசியில் ஒரு நாள், வீடு திரும்பும் வழியில் பொன்னுத்துரை பேச்செடுத்தார்.

“ஏப்பா பாஸ்கலு, சின்னக்கண்ணு இனிமே கிளட்ச் மிதிக்கிறது சந்தேகந்தான். நீயே பெர்மனென்ட்டா இருந்துக்கிறியா?”

சின்னக்கண்ணு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் முதலாளி என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “சரிங்க முதலாளி” என்று வந்தது.

அன்றைக்கு வண்டியை ஷெட்டில் விட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தெருமுனை டீக்கடைக்கு வந்த பிறகுதான் சீட்டைத் தள்ளாதது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால் நூறு அடி. பைக்கை நிறுத்திச் செத்த நேரம் நின்றார். அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளைக்கு நாம்தானே உட்காரப் போகிறோம் என்றும் சொல்லிக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் காரின் கதவு திறந்திருந்தது. சின்னக்கண்ணு வந்திருந்தார். டாக்டர் நடக்கலாம் என்று சொன்னதும் முதல் பஸ்ஸைப் பிடித்து, முதலாளி எழுவதற்குள் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று வந்திருக்கிறார். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. உட்காரப் பார்த்தார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நல்ல காலையே உள்ளே வைக்க முடியவில்லை. குனிந்து சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து பாஸ்கலைப் பார்த்தார்.

“முதலாளி சொல்லிட்டாரா?”

“அண்ணே, நேத்து ஒரே அசதி, அதான் சீட்டை...”

“விடு. நம்மளுக்குள்ள ஆக்டிங் வேணாம் அப்பு.”

அவர் கத்தியிருந்தால் பாஸ்கலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தை நகத்தால் நெம்பிக் கிழியாமல் எடுத்தார், கதவுப் பைக்குள் கிடந்த தன் துண்டையும் எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றதற்கு, “முதலாளி கிளம்புற நேரம், நீ வண்டியத் தொடை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி நடந்தார்.

இது நடந்து எட்டு மாசம் ஆகிறது. ஜெபமாலை இப்போது கண்ணாடியில் தொங்குகிறது. போன வாரம் கோயம்புத்தூரில் மகள் ஜீவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. “ரெண்டு நாள் ஆக்டிங் யாரையாச்சும் போட்டுட்டு வாங்க, பேத்தி முகத்தப் பாக்க வேணாமா?” என்று லூர்துமேரி அங்கிருந்து போன் பண்ணினாள். முதலாளியும், “போயிட்டு வாப்பா, ஆள மட்டும் சொல்லிவிட்டுரு” என்றார்.

பாஸ்கலின் போனில் ‘ஆக்டிங் மிக்கேல்ராஜ்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. பொறுப்பான ஆள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறவன். நாற்பத்தெட்டு வயது, அவனுக்கும் இடுப்பு வலி. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தபடி பாஸ்கல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“லீவு வேணாங்க முதலாளி. மண்டி லீவன்னைக்குப் போய்ட்டு வந்துர்றேன்.”

அப்படியே போனார். காலை பஸ்ஸில் போய், குழந்தையைக் கால் மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். மறுநாள் காலை ஷெட்டில், உட்காருவதற்கு முன்னால், எப்போதும் செய்வதுபோலக் குனிந்து சீட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அவர் விட்ட இடத்தில்தான் இருந்தது.