முதுகு காட்டி நடந்த பத்தடி

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்னிக்கும் கூச்சம். ஆனாலும் ஒரு தடவை ஊரே பார்க்கக் குலவை போட்டிருக்கிறேன்.

குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த சமயம். நன்னிலம் பக்கம் எங்கள் ஊருக்குப் பட்டா எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்போம், ஒருவர் வந்து, மிராசுதார் களத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மிராசுதார் ஐயா. எங்கள் குடிசை மாமியார் பேரில் இருந்தது. அவருக்கு ரெண்டு வருஷமாகக் கை நடுக்கம். நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

ஐயாவின் நிலபுலனைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் முந்திக்கொண்டார். "அந்தக் கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு சார். நடக்கவே தெரியாது. அதுக்கு எதுக்கு மனை?"

"நேர்ல வந்து ரேகை வைக்கட்டும், பார்க்கலாம்" என்றார் ஆர்.ஐ.

கூட்டிப் போனேன். மேஜைக்குப் பத்தடி இருக்கையில் கால் நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா சார், முளைக்குச்சி மாதிரி நிக்குது."

அத்தை கண்ணில் தண்ணீர். "கால் கேக்கலடி."

நடவில் குலவை போட்டபடி நாங்கள் பின்னாலேயேதான் போவோம், நட்டதை மிதிக்கக் கூடாதே. அந்தக் கால் நாற்பது வருஷம் பழகிய திசை அது. அத்தையைத் திருப்பி நிறுத்தினேன்.

"ஐயோ, ஐயாவுக்கு முதுகைக் காட்டுறதா?" அத்தை பதறிப் போனார். எங்கள் தெருவில் யாருமே செய்யாத காரியம்.

"நாத்தைப் பிடிங்க அத்தை" என்று ஒரு பிடி வைக்கோலை இடது கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குலவை போட்டேன். அத்தை குனிந்தார். பின்னால் ஒரு அடி போனது. இன்னொன்று. நின்றிருந்த பெண்களும் குலவையில் சேர்ந்துகொண்டார்கள். மேஜை இடித்ததும் அத்தை நிமிர்ந்தார்.

ஆர்.ஐ. சிரித்துக்கொண்டே கேட்டார்: "மனைக்கு எல்லை சொல்லுங்கம்மா."

"கெழக்கே வாய்க்கால். மேக்கே, நம்ம எடத்துல ஒரு முழம் தள்ளிப் போட்டுருக்காரே இந்தக் காரியக்காரரு, அந்த வைக்கப்போரு."

களமே சிரித்தது. ஆர்.ஐ. மைப்பெட்டியை நீட்டினார். ரேகை விழுந்தது.

நர்ஸ் வேலை பார்க்கும் என் பேத்தி சொல்கிறாள், நேரே நடக்க மூளையில் ஒரு வழி, பழகின வேலைக்கு வேறு வழி என்று. இருக்கும். முதுகு காட்டக் கூடாது என்ற பயமும் அந்த மூளைக்குள்தானே பழகிக் கிடந்தது? பத்தடியில் அது விட்டுப்போனதே!

திரும்பும்போதும் அத்தை பின்னாலேயே நடந்தார். அதனால் முகம் ஐயாவைப் பார்த்தபடி இருந்தது. இந்தத் தடவை அத்தை குனியவில்லை.