படமரத்துக்குப் பின்னால்

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஷாரோன் சத்தியம்கூடச் செய்யவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல, நிமிடம் தவறாமல் சொன்னாள். அதனால்தான் நம்ப வேண்டியதாயிற்று.

கனடாவில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். கிராமத்துப் பெண்களின் உடல்நலத்துக்காக ஆறு மாதம் தொண்டு செய்யக் காஞ்சிபுரம் வந்திருந்தாள். மாகறல் என்ற ஊரில் ஒரே மதியத்தில் நாற்பது வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்பினாள். கர்ப்பிணி என்றால் மட்டும் விரலில் குத்தி ரத்தம் சோதிக்க வேண்டும். டிக் போடுவதில் அம்மணி புயல். ஒரு வீட்டில் சங்கரி என்ற பெண் தறிக்குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நெய்த சேலையைச் சுற்றும் படமரம் அவள் வயிற்றை மறைத்திருந்தது. ஷாரோன் வாசலில் நின்றபடியே ‘கர்ப்பிணி இல்லை’ என்று எழுதிவிட்டாள். கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் வேறொரு ஊரில் தறியைவிட்டு ஒருத்தி எழுந்தாள். ஏழு மாத வயிறு. உட்கார்ந்திருந்த வரையில் தெரியவே இல்லை. சங்கரியின் வெளுத்த உதடுகள் நினைவுக்கு வந்தன.

ஷாரோன் ஆட்டோ பிடித்து மாகறல் வந்தபோது மணி 2.10. கதவு திறந்திருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

தடக்... தடக்...

“சங்கரி, நீங்க கர்ப்பமா இருக்கீங்களா?”

“எட்டு மாசம்.”

“ஏன் அன்னிக்குச் சொல்லல?”

“நீங்க கேக்கலியேம்மா.”

குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சங்கரி இடது கை மோதிர விரலை நீட்டினாள். சில்லென்றிருந்தது. ஷாரோன் ஊசியால் குத்தினாள். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள். ஒரு சொட்டு... தண்ணீர்போல.

2.17. கருவியில் ஹீமோகுளோபின் 3.9. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும்.

“உடனே ஆஸ்பத்திரி போகணும். வாங்க.”

“நீங்க போங்க... வந்துக்கினே இருக்கேன்.”

தடக்... தடக்...

சங்கரியின் இரண்டு கைகளும் படமரத்தின்மேல் இருந்தன.

அசையாமல்.

ஷாரோன் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை அழைத்து வந்தாள்.

2.21.

கதவில் பூட்டு. பூட்டின்மேல் தூசி.

எதிர்வீட்டுச் செல்லியம்மாள் எட்டிப் பார்த்தாள். “யாரைத் தேடிக்கினு இருக்கம்மா?”

“சங்கரி...”

“அவ போயி மூணு நாளாச்சு. நீங்கல்லாம் வந்துட்டுப் போன அன்னிக்கே வலி எடுத்துடுச்சு. உடம்புல ரத்தமே இல்லன்னுட்டாங்க. புள்ளையும் போயிடுச்சு. அவ வூட்டுக்காரரு அன்னிலேர்ந்து இந்தப் பக்கமே வரல.”

ஷாரோன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கையைப் பார்த்தாள்.

அவளுடைய மோதிர விரலில் இரண்டு ஊசிக் குத்துகள்.

வலிக்கவில்லை.

தொண்டு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சாமுவேல் அன்று மாலை அவள் ரத்தத்தைச் சோதித்தார். 12.6. கருவியின் பதிவில் அந்த 3.9 அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சிடம் விசாரித்தார். நர்ஸ் சொன்னதை வந்து சொன்னார்.

சங்கரி கடைசிவரை இடது மோதிர விரலை நீட்டிக்கொண்டே இருந்தாளாம்.

“எனக்கு இன்னும் டெஸ்ட் பண்ணல” என்று.